டாக்டரம்மாவின் பின்னணி

போன மாதம் ஒரு கூட்டத்தில் என் பின்னணியை வாசித்தார்கள். மைசூரில் புதிதாகத் தொடங்கியிருக்கும் மருத்துவக் கருவி நிறுவனம் அது. அதை நடத்தும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆலோசகர்கள் என்று சிலரைப் பிடித்து வைத்திருக்கிறாள். அதில் நானும் ஒருவன். புரொஜெக்டரில் என் படம் சுவரில் பெரிதாக விழுந்தது. பக்கத்தில் நான் படித்த கல்லூரி, நான் தொடங்கிய கம்பெனி, அதைப் பெங்களூரின் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்ட விவரம், எனக்குக் கிடைத்த பரிசுகள். ஒன்றும் பொய்யில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். சால்வை போட்டார்கள்.

இப்படி யாராவது என்னைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு டாக்டரம்மாவின் ஞாபகம் வந்துவிடும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டாக்டரம்மா என்றுதான். தன்னைப் பற்றி வேறு யாரும் வாசிக்க அவர் விட்டதில்லை. தானே எழுந்து சொல்லிவிடுவார். அந்த மாதிரி ஓர் அறிமுகத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கூரை ஷெட்டில் என் கம்பெனி இருந்தது. பிறந்த குழந்தையைச் சூடாக வைத்துக்கொள்ளும் வார்மர் செய்தோம். மேலே மூடி இல்லாத தொட்டில். அதற்கு மேல் ஒரு கூண்டுக்குள் ஹீட்டர். குழந்தையின் வயிற்றில் சின்ன சென்சார் ஒன்றை பிளாஸ்டர் போட்டு ஒட்டி, அதன் ஒயரை மெஷினில் செருக வேண்டும். உடம்பு குளிர்ந்தால் ஹீட்டர் தானாகக் கூடும், சூடானால் தானாகக் குறையும். வெளிநாட்டிலிருந்து வருவதை விட மிக மலிவாகச் செய்ய முடிந்தது. அதில் எனக்கு நியாயமான பெருமை இருந்தது.

அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மைசூர் மில்லுக்கு வேலைக்கு வந்தவர். நான் படித்து எஞ்சினியர் ஆனேன். ஆனால் பாங்குக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் என் படிப்பு போதவில்லை. "உங்க பின்னாடி யார் சார் இருக்காங்க?" என்றுதான் கேட்டார்கள். அதனால் பின்னால் நிற்க ஆள் தேடினேன். மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் ராடார் செய்துகொண்டிருந்த ஒரு விஞ்ஞானி. ஒரு முன்னாள் பாங்கு மேனேஜர். மூவரும் 'முன்னாள்'கள். பேராசிரியர் பச்சைக் குழந்தை ஒன்றைக் கையில் எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. விஞ்ஞானிக்கு ராடார் தெரியும், தொட்டில் தெரியாது. அதைப் பற்றி நானும் யோசிக்கவில்லை. எனக்கு வேண்டியது அவர்கள் வகித்த பதவிகள். விளம்பரப் புத்தகத்தின் பின் அட்டையில் அவை வரிசையாக வந்தால் போதும்.

டாக்டரம்மாவைச் சொன்னது பாங்கு மேனேஜர்தான். "ஒரு லேடி டாக்டரும் இருந்தா நல்லாருக்கும் சார். போட்டோவுல ஒரு லட்சணம் வரும். எங்க பிராஞ்சுக்குப் பென்ஷன் வாங்க வருவாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, நல்ல அனுபவம், கூப்பிட்டா வருவாங்க" என்றார்.

வந்தார். குள்ளமான உருவம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. கைப்பையில் தன் சொந்த எவர்சில்வர் தம்ளர். எங்கே போனாலும் அதில்தான் காப்பி வாங்கிக் குடிப்பார்.

முதல் கூட்டத்தில் மூன்று பேரும் தங்கள் பதவிகளைச் சொல்லி முடித்தார்கள். பேராசிரியர் கன்னடக்காரர், எங்களோடு பழகியதில் தமிழும் பேசுவார். அவர் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு டாக்டரம்மா எழுந்தார்.

"நான் கௌதள்ளிப் பக்கமுங்க. கொள்ளேகால் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் இருந்தேன். அங்க ஒரு பச்சப் புள்ளைக்குக் குளிருதுன்னு வெந்நி பாட்டில் வெச்சுட்டு, பக்கத்து ரூமுக்கு வேற பிரசவம் பாக்கப் போயிட்டேனுங்க. திரும்பி வாரதுக்குள்ள புள்ளை கால் வெந்து போச்சு. பொழைக்கலை. அப்பறம் ஒருத்தருக்கு நெஞ்சு வலியை வாயுன்னு சொல்லி ஊட்டுக்கு அனுப்பிச்சேன், அவரு பஸ் ஸ்டாண்டைத் தாண்டலை. ஒரு நர்சுப் புள்ளையை ஒருக்கா கண்டபடி திட்டிப் போட்டேன். அதுலிருந்து அவ எந்தத் தப்பையும் எங்கிட்டச் சொல்றதே இல்லை, மறைக்கப் பழகிட்டா. அதுல போன உசுரும் என் கணக்குலதானுங்க. இவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார்.

விஞ்ஞானி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், உங்க குவாலிஃபிகேஷனைச் சொல்லலையே?" என்றார்.

"அதைத்தானுங்க இப்பச் சொன்னேன்" என்றார் டாக்டரம்மா, தம்ளரை வெளியே எடுத்தபடி.

கூட்டம் முடிந்து அவரை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடப் போனேன். "டாக்டரம்மா, முதல் நாளே எதுக்குங்க அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சாத்தானுங்க தம்பி, எங்கிட்ட எதைக் கேக்கலாமுன்னு உங்களுக்குத் தெரியும்."

இது ஒரு நாள் பேச்சு என்று நினைத்தேன். இல்லை. புதிதாக ஒருவர் அறைக்குள் வந்தால் போதும், பாங்கு அதிகாரியோ ஆஸ்பத்திரி நிர்வாகியோ, எழுந்து நின்று அதே வெந்நீர் பாட்டில், அதே பஸ் ஸ்டாண்டு, அதே நர்ஸ். குரலில் அழுகை இருக்காது. ஊர் பேர் சொல்கிற மாதிரிதான் சொல்வார். எங்களுக்குக் கூசும். பிறகு பழகிவிட்டது, அவர் இல்லாதபோது சிரிக்கவும் செய்தோம். பாங்கு மேனேஜர் நேரிலேயே கேலி செய்வார்.

"வாங்க டாக்டரம்மா. இன்னிக்கு யாரைக் கொன்னுட்டு வர்றீங்க?"

"இன்னிக்கு இன்னும் யாரும் சிக்கலைங்க. நீங்க கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க பாக்கலாம்."

அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பால்தான் நாங்கள் அவரை லேசாக எடுத்துக்கொண்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

விற்பனைக்கு ஆள் எடுத்தபோது நேர்காணலுக்கு அவரையும் உட்காரவைத்தேன். வந்தவர்களிடம் படிப்பையோ சம்பளத்தையோ அவர் கேட்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி. "உங்களால நடந்த பெரிய நாசம் என்னங்க?"

ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். மருந்துக் கம்பெனியில் பழகியவன், நல்ல ஆங்கிலம். "அப்படி ஒண்ணும் இல்ல மேடம். என் ரெக்கார்ட் க்ளீன்" என்றான். அடுத்து வந்தவர் கொஞ்சம் வயதானவர். நஞ்சன்கூட்டில் லாரியிலிருந்து ஓர் எக்ஸ்ரே மெஷினை இறக்கும்போது கயிற்றைச் சரியாகக் கட்டாமல் உடைத்துவிட்டேன் என்றார். அதனால் அந்த ஊர் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இல்லாமல் எத்தனை மாதம் தவித்தது, அங்கிருந்து யார் யாரை மைசூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று சொல்லும்போது அவருக்கு நெற்றி வேர்த்தது.

"இவரை எடுத்துக்குங்க தம்பி" என்றார் டாக்டரம்மா.

"மெஷினை உடைச்ச ஆளையா?"

"உடைச்சா யாரு தவிப்பாங்கன்னு தெரிஞ்ச ஆளு."

நான் டை கட்டியவனை எடுத்தேன்.

அடுத்து நடந்ததை எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் அப்படியே சொல்ல முடியும். முதல் தொகுதி மெஷின்கள் தயாராகி ஷெட்டில் வரிசையாக நின்றன. ஆலோசகர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். தொட்டிலில் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்து, அதன் வயிற்றில் சென்சாரை ஒட்டியிருந்தோம். மெஷின் நன்றாக வேலை செய்தது. பேராசிரியர் என் தோளைத் தட்டினார்.

டாக்டரம்மா குனிந்து பொம்மையின் வயிற்றிலிருந்த பிளாஸ்டரை நகத்தால் உரித்தார். ஒயரை எடுத்துத் தொட்டிலின் ஓரத்தில் தொங்கவிட்டார்.

"இப்ப இந்த மெஷின் என்னன்னு நெனைக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

சென்சாரில் இப்போது படுவது காற்று. காற்று உடம்பை விடக் குளிர்ச்சி. "குழந்தை குளிர்ந்துபோச்சுன்னு நினைக்கும்" என்றேன்.

"நெனைச்சு?"

"சூட்டைக் கூட்டும்."

மேலே ஹீட்டர் சிவக்கத் தொடங்கியது. அவர் பொம்மையைத் தள்ளிவிட்டு, அது கிடந்த இடத்தில் தன் உள்ளங்கையை மல்லாக்க வைத்தார்.

"ஏனு தாயி இது, என்னம்மா இது?" என்று பேராசிரியர் சிரித்தார். டாக்டரம்மா கையை எடுக்கவில்லை. "நீங்க பேசுங்க" என்றார். நாங்கள் பேசினோம். ஒயர் கழன்றால் மணி அடிக்கவும் ஹீட்டர் அணையவும் தனி சர்க்யூட் ஒன்று போட வேண்டும், அதற்கு எல்லா மெஷினையும் மறுபடி பிரிக்க வேண்டும், சில மாதம் ஆகும் என்றேன். முதல் தொகுதி போய்ச் சேர்ந்தால்தான் பாங்கு அடுத்த கடனை விடும் என்றார் மேனேஜர். விஞ்ஞானி, "ஆஸ்பத்திரின்னா நர்ஸ் இருப்பாங்களே மேடம். மெஷினை மட்டும் நம்பியா விடப் போறாங்க?" என்றார்.

"நானும் இருந்தேனுங்க. பக்கத்து ரூம்லதான் இருந்தேன்."

அப்போதுதான் கையை எடுத்தார். உள்ளங்கை மிளகாய் அரைத்த கை மாதிரிச் சிவந்திருந்தது. அதை எங்களிடம் நீட்டிக் காட்டவில்லை. தம்ளரில் இருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றிக்கொண்டார்.

"மணி இல்லாம அனுப்பாதீங்க தம்பி."

"அடுத்த மாடல்ல கண்டிப்பா வெச்சிடறேன் டாக்டரம்மா" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கத்தியிருக்கலாம், ராஜினாமா செய்திருக்கலாம். அன்று செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து விளம்பரப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டார். அதில் தன் பேருக்குக் கீழே வெந்நீர் பாட்டில் விஷயம் வர வேண்டும் என்றார். "வாங்கறவங்க அதைப் படிச்சா ஒயரைக் கவனிப்பாங்கல்லங்க. மணிதான் இல்லை, இதாவது இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். அச்சாகி வந்த புத்தகத்தில் அவர் படம் இருந்தது. கீழே, 'பச்சிளங் குழந்தைகள் பராமரிப்பில் நீண்ட அனுபவம்' என்று இருந்தது. அந்த வரியை எழுதியது நான்தான். அவர் சொன்னதன் சுருக்கம்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அந்தத் தொகுதியிலிருந்து ஒரு மெஷின் போயிற்று. விற்றவன் டை கட்டியவன். "ஒட்டிவிட்டுட்டா போதும், ஆள் பக்கத்துல நிக்கவே வேண்டாம், எல்லாம் தானா பாத்துக்கும்" என்று அங்கே சொல்லியிருக்கிறான். இருந்தது ஒரே நர்ஸ். அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

குழந்தை மார்டள்ளியைச் சேர்ந்தது. தாய் பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டுப் பிரசவத்துக்கு ஊர் திரும்பியவள். வியர்வையில் பிளாஸ்டர் விட்டுப்போய் ஒயர் நழுவியிருக்கிறது. நர்ஸ் பக்கத்து அறையில் இருந்தாள். குழந்தையின் நெஞ்சும் வயிறும் வெந்துபோயின. அந்த வாரமே இறந்துவிட்டது.

மைசூரில் சுகாதார அதிகாரி ஒருவர் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார். அந்தத் தாயும் வந்திருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவள் சொன்னது கொஞ்சம்தான். "மெஷினு மேல செகப்பா எரிஞ்சுதுங்க. புள்ளைக்கு நல்லா சூடு கெடைக்குதுன்னு நெனச்சுட்டுப் பாத்துட்டே உக்காந்திருந்தேன்." பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்தச் சிவப்பு வெளிச்சம் வெளியே தெரியும்படி கூண்டை அமைத்ததும் நான்தான். பார்க்க இதமாக இருக்கும் என்று.

அவளை வெளியே அனுப்பிவிட்டு அதிகாரி என்னைக் கேட்டார். "ஒயர் கழண்டா என்ன ஆகும்னு யாரும் பாக்கலையா? உங்க கம்பெனியில குழந்தை விஷயம் தெரிஞ்சவங்க யாரு?"

பேராசிரியரைக் காட்டியிருக்கலாம். அவர் அந்த அதிகாரிக்கே பாடம் நடத்தியவர். அவரைக் காட்ட முடியாது என்று ஒரு நொடியில் புரிந்தது. என்னைக் காட்டியிருக்கலாம். "பச்சைக் குழந்தைக்கான ஆலோசகர் இவங்கதான் சார்" என்று டாக்டரம்மாவைக் காட்டினேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட இன்று கொஞ்சம் தூங்குவேன். அதிகாரி இன்னும் திருப்திப்படாமல் பார்த்தார். நான் சொன்னேன், "இவங்க கையாலேயே முன்னாடி ஒரு குழந்தை சூடு பட்டு இறந்திருக்கு சார். மறைச்சதில்லை. எல்லார்கிட்டயும் அவங்களே சொல்வாங்க."

அவர் வருஷக்கணக்காக எங்களுக்கு எழுந்து நின்று கொடுத்ததை எடுத்து, அவர் மேலேயே வைத்தேன்.

அதிகாரி திரும்பினார். "அப்படியாம்மா?"

"ஆமாங்க. அதுவும் நான்தான்" என்றார் டாக்டரம்மா.

"இந்த மெஷினையும் நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

இப்போது என் முறை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மணி கேட்டார், நான்தான் மறுத்தேன் என்று நான் சொல்ல வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நேர்காணலில் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்காக எதிரில் இருப்பவனைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் அதிகாரியின் தலைக்கு மேல் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமுண்டி மலைப் படம் போட்ட நாட்காட்டி. பேராசிரியரும் விஞ்ஞானியும் எதைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

"பாத்தேனுங்க. நிறுத்தலை" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான் பேசினார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார் என்று அப்போது நினைத்தேன், மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் யாரையும் காப்பாற்றுகிறவர் இல்லை. தன் பங்கு எதுவோ அதைச் சொன்னார். என் பங்கை நான் சொல்வேன் என்று காத்திருந்தார், வரவில்லை.

கம்பெனிக்கு எச்சரிக்கையோடு போயிற்று. ஆலோசகர் பட்டியலிலிருந்து டாக்டரம்மாவின் பெயரை எடுத்துவிட்டோம். எடுத்ததை அதிகாரிக்கும் தெரிவித்தோம்.

குளிர்காலம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆப்பிள் வாங்கிக்கொண்டு சரஸ்வதிபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கித் தோலை நீக்கிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, உக்காருங்க" என்று கிண்ணத்தை என் பக்கமும் நகர்த்தினார். நானும் பிதுக்கினேன். வழுக்கி வழுக்கி ஓடியது. அவர் சிரித்தார்.

"டாக்டரம்மா, நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

"மணி வெச்சாச்சுங்களா?"

"வெச்சாச்சு. இப்ப செய்யற எல்லாத்துலயும் இருக்கு. ஒயர் கழண்டா ஹீட்டரும் நின்னுடும்."

"பழசு?"

நான் இன்னொரு கொட்டையை எடுத்தேன்.

"முன்னாடி வித்தீங்களே தம்பி, அதெல்லாம் எங்க இருக்கு?"

"ஆஸ்பத்திரிகள்லதான்."

"ஓடிட்டு இருக்குதா?"

"இருக்கு."

அவர் கை நின்றது. "அப்பறம் எதுக்கு இங்க வந்தீங்க? அங்கதானுங்க போகோணும்."

பெங்களூர் நிறுவனம் எங்கள் கம்பெனியை வாங்கப் பேசிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். இந்த நேரத்தில் பழைய மெஷின்களைத் திரும்பப் பெற்றால் விலகிவிடுவார்கள் என்றேன். விற்பனை முடிந்ததும் அவர்களிடமே சொல்லி ஏற்பாடு செய்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே ஷெட்டில் கேட்ட குரலாக இருந்தது. அடுத்த மாடலில் கண்டிப்பாக.

அவர் கேட்டுக்கொண்டார். "எந்தெந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு ஊராகச் சொல்ல, தலையாட்டிக்கொண்டே பருப்பைப் பிதுக்கினார். முடிந்ததும் தன் தம்ளரிலேயே எனக்குக் காப்பி கொடுத்தார். ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனக்குப் பல்லு ஆடுதுங்க" என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

சில வாரம் கழித்து டை கட்டியவன் என் அறைக்கு வந்து குதித்தான். "சார், அந்தக் கெழவி ஊர் ஊரா பஸ்ல போயி நம்ம மெஷின் மேல என்னமோ ஒட்டிட்டு வருது. டாக்டர்னு சொல்லிட்டு நேரா உள்ள போயிடுது. நம்ம பேரே நாறுது. வக்கீல் நோட்டீஸ் விடுங்க சார்."

நோட்டீஸ் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருந்ததை நான் செய்த நல்ல காரியமாக வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி விலைபோயிற்று. வாங்கியவர்களிடம் பழைய மெஷின்களைப் பற்றிச் சொன்னேனா என்றால், ஒரு சாப்பாட்டு மேஜையில், பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர்கள் கேட்டதாகவோ குறித்துக்கொண்டதாகவோ ஞாபகமில்லை. நான் மறுபடி சொல்லவில்லை. டாக்டரம்மா இறந்த செய்தி, அவர் இறந்து ஒரு மழைக்காலம் போன பிறகுதான் பாங்கு மேனேஜர் சொல்லித் தெரிந்தது. கடைசிவரை நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுத்தாராம். முதல் வகுப்பில் எழுந்து அறிமுகம் செய்துகொள்ளும்போது மார்டள்ளிக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டாராம். 'மைசூர்ல ஒரு கம்பெனிக்கு யோசனை சொன்னேன், நிறுத்தலை' என்று. கம்பெனி பேரையோ என் பேரையோ சொன்னதில்லையாம். "நல்ல வேளை சார்" என்றார் மேனேஜர்.

சால்வை போட்ட கூட்டத்துக்கு மறுநாள் அந்த நிறுவனத்தை நடத்தும் பெண் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். கொள்ளேகால், ஹனூர் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் பச்சைக் குழந்தைகளுக்கு என்ன வசதி இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டுமாம். கெட்டிக்காரப் பெண். கூடவே எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள்.

ஓர் ஆஸ்பத்திரியில், துணிகள் அடுக்கி வைக்கும் அறையில் பழைய வார்மர் ஒன்று நின்றது. தொட்டிலில் மடித்த போர்வைகள். ஹீட்டர் கூண்டின் வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த வளைவை வரைந்தவன் நான். முகப்பில் கம்பெனிப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எக்ஸ்ரே ஃபிலிம் அகலமான பிளாஸ்டரால் ஒட்டப்பட்டிருந்தது. அதன் மேல் சிவப்பு நகச்சாயத்தால் மேலே கன்னடத்திலும் கீழே தமிழிலும் எழுதியிருந்தது. அவர் விரலில் ஒரு நாளும் நகச்சாயம் பார்த்ததில்லை. அழியாது என்று அதை வாங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பெண் சத்தமாக வாசித்தாள்.

"ஒயர் கழண்டால் இந்த மெஷின் குழந்தைக்குக் குளிருது என்று நினைக்கும். சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும். மணி அடிக்காது. குழந்தையைத் தொட்டுப் பாருங்கள். இதைப் பார்த்தும் நிறுத்தாமல் அனுப்பியது நான்."

கீழே பெயர் இருந்தது, பட்டம் எதுவும் இல்லாமல்.

"சார், என்ன சார் இது! இப்படியெல்லாமா எழுதி வெப்பாங்க? யார் சார் இவங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"இந்தப் பக்கத்து டாக்டர் யாராச்சும் இருக்கும்மா."

"மெஷின் எந்தக் கம்பெனி சார்?"

ஃபிலிமின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். வரவில்லை. இத்தனை வருஷத்திலும் பிளாஸ்டர் விடவில்லை.

"விடும்மா. ரொம்பப் பழசு" என்றேன்.